கும்பிடுகிறவனிடமிருந்து தொடங்குங்கள்: ஃபேன்டசி ஆட்டத்துக்குக் கடவுள்களை உருவாக்குவது

கேள்வி சுருக்கமாக இதுதான்: "சொந்தமாக ஓர் உலகம் உருவாக்கி ஃபேன்டசி ரோல்பிளேயிங் கேம் நடத்துகிறேன். போர், மரணம், கடல், காதல், அறிவு என்று 12 கடவுள்கள், அவர்களுக்குள் உறவுமுறை, சின்னங்கள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். விளையாடுகிறவர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை. கிளெரிக்காக (கடவுளிடம் சக்தி வாங்கி மந்திரம் போடும் பூசாரி கேரக்டராக) விளையாடுகிறவரே தன் கடவுளை மறந்துவிடுகிறார். நம்பும்படியான கடவுள்களை எப்படி உருவாக்குவது?"

நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். என் முதல் உலகத்தில் 14 கடவுள்கள். வம்சாவளிப் படம் உண்டு, யார் யாரை ஏமாற்றினார் என்ற கதை உண்டு, ஒவ்வொருவருக்கும் நிறம், விலங்கு, ஆயுதம் உண்டு. மொத்தம் 20 பக்கம். ஆறாவது செஷனில் கிளெரிக் ஒரு காயத்தை ஆற்ற மந்திரம் போட்டபோது, "என்ன சொல்லிக் கும்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் கேரக்டர் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வெளிச்சக் கடவுள்... பேர் என்ன?" என்றார். எனக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

அவர் மேல் தப்பில்லை. கடவுள்கள் என்று நினைத்துக்கொண்டு நான் எழுதி வைத்திருந்தது இலாகாப் பட்டியல். போர்த்துறை அமைச்சர், கடல்துறை அமைச்சர், காதல்துறை இணையமைச்சர். அமைச்சர் பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? ஒரு கையெழுத்துக்காக அவர் வாசலில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தவன்தான் மறக்க மாட்டான். கடவுளை அந்தக் காத்துக் கிடப்பவனிடமிருந்து செய்யத் தொடங்குங்கள். அவன் இன்று காலை எதற்குப் பயப்படுகிறான், அந்தப் பயத்துக்காகக் கையால் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். உலகத்தைப் படைத்தது யார் என்பது கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பார்க்காமலே விட்டாலும் குடி முழுகாது.

இலாகாப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் விதிப் புத்தகங்களிலிருந்துதான். இவ்வகை ஆட்டங்களின் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. இரண்டே ஆண்டில், 1976இல், உலகப் புராணங்களின் கடவுள்களுக்கெல்லாம் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) போட்டு ஒரு துணைநூல் வெளியானது. கேரக்டர்களைக் கண்டமேனிக்கு வளர்த்துவிட்ட ஆட்டங்களைக் குத்திக்காட்டுவதும் அதன் நோக்கம் என்று முன்னுரையே சொல்கிறது. ஹிட் பாயிண்ட் என்று ஒன்றைப் போட்டுவிட்டால் விளையாடுகிறவன் என்ன செய்வான்? அடித்துப் பார்ப்பான். பிறகு 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் கிளெரிக் தன் கடவுளுக்குரிய டொமைன்களில் (போர், குணமாக்கல் மாதிரியான அதிகாரப் பகுதிகளில்) இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆனது. விதியாக அது நல்ல விதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது எந்தக் கடவுளிடம் எந்த மந்திரம் கிடைக்கும் என்று சொல்லும் விலைப்பட்டியல். அதையே மதம் என்று எடுத்துக்கொண்டதில்தான் நாம் சறுக்கினோம்.

மனிதர்கள் உண்மையாகவே கும்பிட்ட கடவுள்களைப் பாருங்கள், ஒருவர்கூட ஒரு இலாகாவுக்குள் ஒழுங்காக அடங்க மாட்டார். ரோமானியரின் மார்ஸ் போர்க்கடவுள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய ரோமானிய எழுத்தாளர் கேட்டோவின் வேளாண்மை நூலில் விவசாயி தன் வயலைச் சுற்றி வந்து, நோயும் சேதமும் அண்டாமல் காக்கும்படி வேண்டுவது அதே மார்ஸிடம்தான். கிரேக்கரின் அப்போலோ நோயைக் குணமாக்குகிறார். இலியட் காவியத்தின் தொடக்கத்தில் அம்பெய்து கொள்ளைநோயை அனுப்புகிறவரும் அவரேதான். பொசைடனுக்குக் கடல் மட்டுமல்ல, நிலநடுக்கமும் குதிரையும் சேர்த்தி. கேட்டால் சம்பந்தமில்லாத மாதிரி இருக்கிறது. கும்பிடுகிறவன் இடத்தில் நின்று பார்த்தால் சம்பந்தம் புரிந்துவிடும். நோயை அனுப்ப முடிந்தவன்தானே திருப்பி அழைத்துக்கொள்ளவும் முடியும்? எல்லையைக் காக்க ஈட்டியோடு நிற்கிறவன் எதிரியை மட்டுமா நிறுத்துவான், பூச்சியையும் நிறுத்தட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் வணங்கும் ஓகுன். இரும்பின் தெய்வம். கொல்லனுக்கும் வேட்டைக்காரனுக்கும் போர்வீரனுக்கும் உரியவர். கார் வந்ததும் டிரைவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அவரே தெய்வமானார். யாரும் உட்கார்ந்து "போக்குவரத்து டொமைன்" என்று சேர்க்கவில்லை. இரும்பு எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அவரும் போனார். போரின் கடவுள் என்பதைவிட இரும்பின் கடவுள் என்பது எவ்வளவு உயிரோடு இருக்கிறது பாருங்கள். போர் ஒரு கருத்து, இரும்பு கையில் பிடிக்கிற பொருள். உங்கள் கடவுளுக்கும் இப்படி ஒரு பொருளையோ இடத்தையோ நேரத்தையோ கொடுங்கள். 'மரணம்' வேண்டாம், 'கதவு' என்று வையுங்கள். 'அறிவு' வேண்டாம், 'மை' என்று வையுங்கள். மையின் கடவுள் எழுத்தருக்கு உரியவர், கடன் பத்திரத்துக்கு உரியவர், பொய்க் கையெழுத்துப் போடுகிறவனுக்கும் உரியவர், பச்சை குத்திக்கொள்கிற மாலுமிக்கும் உரியவர். ஒரே நிமிடத்தில் நான்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், அந்த நான்கு பேருக்குள்ளும் ஒத்துப்போகாது. சண்டை தானாக வரும்.

(இங்கே ஒரு எச்சரிக்கை. ஓகுன் இன்றும் பலர் கும்பிடுகிற தெய்வம். வழிபாட்டில் இருக்கும் கடவுளைப் பெயரோடு தூக்கி வந்து வில்லனாக்குவதோ ஹிட் பாயிண்ட் போடுவதோ எனக்கு உவப்பில்லை. அந்தத் தெய்வம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்றுக்கொண்டு, உங்களுடையதைப் புதிதாகச் செய்யுங்கள்.)

அடுத்தது வழிபாடு. ஃபேன்டசி உலகங்களில் பக்தன் என்றாலே மண்டியிட்டு, கண்ணை மூடி, பொதுவான நன்மைக்காக உருகுகிறான். நிஜத்தில் கடவுளிடம் போகிறவன் பெரும்பாலும் ஒரு காரியமாகப் போகிறான். இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அங்கே சூலிஸ் என்ற உள்ளூர்த் தேவதையை ரோமானியர் தங்கள் மினர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினர்வா என்று கும்பிட்டார்கள். அந்த ஊற்றிலிருந்து சுமார் 130 சாபத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. மெல்லிய ஈயத் தகட்டில் கீறி, சுருட்டி, தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். சிலர் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். டோசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்திருக்கிறார். எடுத்தவனுக்குப் புத்தியும் கண்களும் போக வேண்டும் என்று தேவதையிடம் கேட்கிறார். இன்னொருவருக்கு முக்காடு வைத்த மேலங்கி போய்விட்டது. திருடியவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை தூக்கமும் பிள்ளைப்பேறும் கிடைக்கக் கூடாது என்று எழுதுகிறார்.

கையுறைக்கு இவ்வளவா என்று சிரிப்பு வருகிறது. ஆனால் எத்தனை விஷயம் இதில் அடங்கியிருக்கிறது பாருங்கள். அந்தத் தேவதை பொருளைக் கோயிலுக்குக் கொண்டுவரச் செய்வாள் என்ற நம்பிக்கை இருக்கிறது. 'ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ' என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஓட்டையே விடாமல் எழுத வேண்டும் என்ற முறை இருக்கிறது. குளிக்கப் போனால் துணி திருடு போகும் என்ற ஊர் நிலவரமும் இருக்கிறது. இதை அப்படியே ஆட்டத்தில் வையுங்கள்: கட்சியில் (விளையாடுகிறவர்களின் கேரக்டர்கள் சேர்ந்த குழுவில்) இருக்கும் திருடன் ஒரு குளியலறையில் அங்கியை அடிக்கிறான், மூன்று நாளாக அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஊர்த் தேவதையின் பெயர் அவனுக்குச் சாகும்வரை மறக்காது.

சின்னக் கடவுள்கள் தரும் சுகம் பெரிய கடவுள்கள் தருவதில்லை. ரோமானியருக்குக் கோதுமையில் வரும் துருநோய்க்கென்றே ரொபிகஸ் என்று ஒருவர் இருந்தார். ஏப்ரல் 25இல் அவருக்கு விழா, நாய் பலி. கதவுக்கு ஒருவர், கதவின் கீலுக்கு ஒருவர், வாசற்படிக்கு ஒருவர் என்று மூன்று தெய்வங்கள் இருப்பதைப் பிற்காலத்தில் புனித அகஸ்டின் கேலி செய்தார். ஒரு வாயிலுக்குக் காவலாளி ஒருவன் போதும், இவர்களுக்கு மூன்று கடவுள் வேண்டியிருக்கிறது என்பது அவர் கிண்டல். கேலி ஒருபக்கம் இருக்கட்டும், பூட்டு உடைக்கிற கேரக்டரை வைத்திருக்கும் கேம் மாஸ்டருக்கு, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவருக்கு, இது புதையல். எந்தத் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்பது, கீலிடமா படியிடமா?

ரொபிகஸ் இன்னொரு சிக்கலையும் தீர்த்துவைக்கிறார். 'தீய கடவுளை யார் கும்பிடுவார்கள், ஏன்?' என்ற கேள்வி எல்லா ஆட்டத்திலும் வரும். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நிலவறையில் கொக்கரிக்கிற கும்பல் என்பதுதான் வழக்கமான பதில். அது தேவையே இல்லை. துருநோயை நேசித்தா ரொபிகஸைக் கும்பிட்டார்கள்? என் வயலை விட்டுவிடு என்று கேட்கத்தான். பஞ்சம், பிளேக், புயல் ஆகியவற்றின் தெய்வங்களுக்கு நல்லவர்கள்தான் அதிகமாகப் படைப்பார்கள். அந்தப் பூசாரியை ஊரே மதிக்கும், யாரும் வீட்டுக்கு அழைக்க மாட்டார்கள். அவர் மகளைக் கட்டிக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கொக்கரிக்கிற வில்லனைவிட இவர் எவ்வளவோ சுவாரசியமான ஆள்.

சரி, ஒரு தெய்வத்தைச் செய்து காட்டுகிறேன். என் இரண்டாவது உலகத்தில் ஒரு மலைக்கணவாய் ஊர். வணிகர்கள் கழுதைகளில் சுமையேற்றிக் கடக்கிறார்கள். அங்கே ஆபத்து கொள்ளையரும் டிராகனும் அல்ல, மூடுபனி. திடீரென்று இறங்கும், கால் பிசகினால் பள்ளம். பதினான்கு கடவுள் காலத்தில் நான் 'பனிக் கடவுள், நிறம் வெள்ளை, ஆயுதம் ஈட்டி' என்று எழுதியிருப்பேன். இந்தத் தடவை ஒரே கேள்வியோடு தொடங்கினேன்: விடியற்காலையில் புறப்படுகிறவன் ஊர் எல்லையில் என்ன செய்வான்?

இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு நீளக் கயிறு. புறப்படுகிறவன் அதில் ஒரு முடிச்சுப் போடுகிறான். திரும்பி வந்ததும் அவனே அவிழ்க்கிறான். வேறு யார் கையும் படக்கூடாது. வழிபாடு அவ்வளவுதான். மந்திரம் கிடையாது, பாட்டு கிடையாது.

அப்புறம், திரும்பாதவனின் முடிச்சு என்ன ஆகும்? அது கயிற்றிலேயே கிடக்கும். மனைவி காத்திருப்பாள். ஏழு வருடம் ஆனால் கோயிலுக்கு வந்து 'அவிழ்த்துவிடுங்கள்' என்று கேட்கலாம். பூசாரி அவிழ்த்தால் அவன் செத்தவன். அவள் மறுமணம் செய்துகொள்ளலாம், பிள்ளைகள் சொத்தைப் பிரிக்கலாம், கடன்காரன் பாக்கியை எழுதித் தள்ளிவிட வேண்டும். அவிழ்க்காதவரை அவன் உயிரோடிருப்பவன். ஆக அந்தக் கோயில்தான் அந்த ஊரின் பிறப்பு இறப்புப் பதிவேடு. பூசாரிக்கு மின்னல் வரவழைக்கத் தெரியாது, ஆனால் ஊரிலேயே அவருக்குத்தான் அதிகாரம் அதிகம். அதிகாரம் இருந்தால் லஞ்சம் இருக்கும். ஒரு கயிற்றிலிருந்து தொடங்கி, ஊழல் வரைக்கும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டேன்.

அதே மலையின் சரிவில் ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே மழை குறைவு, புல் நனைவதே மூடுபனியால்தான். பனி இறங்கினால் வணிகன் நடுங்குவான், இடையன் சிரிப்பான். இடையர்கள் அவளை 'வெண்தாய்' என்கிறார்கள், வணிகர்கள் 'முடிச்சுக்காரி' என்கிறார்கள். இரண்டும் ஒருத்தியா, வெவ்வேறா? ஊரில் இதற்காக மண்டை உடைந்திருக்கிறது. எனக்கே விடை தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. கிரேக்கர்கள் அதீனாவுக்கே நகரத்தைக் காப்பவள், வெற்றி தருபவள், கைத்தொழிலுக்கு உரியவள் என்று தனித்தனி அடைமொழி வைத்துத் தனித்தனியாகக் கும்பிட்டவர்கள். எபெசஸ் நகரில் இருந்த ஆர்ட்டெமிஸ் தேவதையின் உருவத்தைப் பார்த்தால், கதைகளில் வரும் வேட்டைக்காரக் கன்னியா இவள் என்று சந்தேகமே வரும். ஒரு தெய்வத்துக்கு இரண்டு பெயரும் இரண்டு முகமும் இருந்தால்தான் அது புழக்கத்தில் தேய்ந்த தெய்வம்.

கடைசியாகப் பேச்சு வழக்கு. "என் முடிச்சின் மேல் ஆணை" என்பது சத்தியம். "உன் முடிச்சு அழுக" என்பது வசவு. கணவாயில் விசில் அடிக்கக் கூடாது என்பது விலக்கு, காரணம் யாருக்கும் தெரியாது. சத்தியம், வசவு, விலக்கு இந்த மூன்றும் இருந்தால் விளையாடுகிறவர்கள் ஒரே செஷனில் பிடித்துக்கொள்வார்கள். வசவை முதலில் பிடித்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரை ஒரு தெய்வம் மேஜையில் வேரூன்றியதற்கு முதல் அடையாளம் அதுதான்.

இனி கடவுள் கூட்டம், அதாவது பேந்தியன். ஒரு தாத்தா, ஒரு பாட்டி, அவர்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் என்று குடும்பப் படம் போடுவது வழக்கம். அந்த ஒழுங்கு பெரும்பாலும் பின்னால் வந்து தொகுத்தவர்களின் கைவேலை. நார்ஸ் புராணம், அதாவது பழைய ஸ்காண்டிநேவியரின் புராணம், நமக்குக் கோவையாகக் கிடைப்பதற்குப் பெரிய காரணம், 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதி வைத்தது. அவர் கிறிஸ்தவர், அந்த நாடு மதம் மாறி 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கதைகளில் உல்லர் என்ற கடவுளுக்குப் பெரிதாக இடமே இல்லை. ஆனால் சுவீடனிலும் நார்வேயிலும் அவர் பெயரைத் தாங்கிய ஊர்கள் ஏகப்பட்டவை. கதையில் ஓரமாக நிற்கிறவர், மண்ணில் பெரிய ஆளாக இருந்திருக்கிறார். கிரேக்கரின் ஹெஸ்டியாவும் அப்படியே. அவளைப் பற்றிச் சொல்லும்படியாகக் கதை ஒன்றும் கிடையாது, ஆனால் பலியில் முதல் பங்கு அவளுக்கு. நம் தொல்காப்பியம் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று வகுக்கும்போது பாலைக்குத் தெய்வம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பிற்பாடுதான் அந்த இடத்தில் கொற்றவை வந்து அமர்கிறாள். உங்கள் பட்டியலிலும் இப்படி ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். கதையே இல்லாத, ஆனால் எல்லா வீட்டிலும் முதல் பங்கு வாங்கும் ஒரு தெய்வத்தையும் வையுங்கள். விளையாடுகிறவர்கள் நோண்டத் தொடங்குவார்கள்.

கடவுள் கூட்டத்தில் யார் பெரியவர் என்பதைப் பெரும்பாலும் கீழே நடக்கும் அரசியல்தான் முடிவு செய்தது. பாபிலோன் உயர்ந்தபோது அதன் நகரக் கடவுள் மார்டுக் எல்லாக் கடவுள்களுக்கும் தலைவரானார். படைப்புக் கதையின் நாயகனே அவர்தான். அசீரியர்கள் அதே கதையை எடுத்து, மார்டுக் பெயர் வரும் இடத்தில் தங்கள் அசூரின் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். எதிரிகள் பாபிலோனைச் சூறையாடியபோது மார்டுக்கின் சிலையையே தூக்கிக்கொண்டு போனார்கள், ஒருமுறை அல்ல, பலமுறை. தங்கள் கடவுளைக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ள எந்தப் பூசாரிக்கு மனம் வரும்? மார்டுக் தாமாகவே விரும்பி அந்த நாடுகளுக்குப் பயணம் போய்வந்தார் என்று அவர் வாயாலேயே சொல்வதாக ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. இதைப் படித்த அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாளே என் உலகத்தில் 'சுற்றுலா போன' ஒரு கடவுளைச் சேர்த்துவிட்டேன்.

ரோமானியர் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். கி.மு. 396இல் வெயி நகரைப் பிடித்தபோது அந்த ஊரின் ஜூனோ தேவதையை ரோமுக்கு வரும்படி அழைத்தார்கள். சிப்பாய் ஒருவன் "ரோமுக்கு வருகிறாயா?" என்று கேட்க, சிலை தலையாட்டியது என்று கூட இருந்தவர்கள் சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கி.மு. 204இல், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு போர் இன்னும் நடந்துகொண்டிருந்தபோது, ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) சிபெலி தாயை ஒரு கறுப்புக் கல்லாகக் கொண்டுவந்தார்கள். தாய் வந்துவிட்டாள், அவளுடைய ஆண்மை நீக்கிய பூசாரிகளும் கூடவே வந்துவிட்டார்கள். கௌரவமான ரோமக் குடிமக்களுக்குத் தர்மசங்கடம். தெய்வம் வேண்டும், அதன் ஆட்கள் வேண்டாம்! அஸ்டெக்குகளின் தலைநகரில் பெருங்கோயிலின் உச்சியில் இரண்டு சன்னதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று அவர்களுடைய போர்த்தெய்வம் ஹுயிட்சிலோபோச்ட்லிக்கு, இன்னொன்று அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தப் பகுதியில் கும்பிடப்பட்ட மழைத்தெய்வம் டிலாலோக்குக்கு. வந்தவர்கள், ஏற்கெனவே இருந்தது, இரண்டும் ஒரே கூரை உயரத்தில்.

அதனால் நான் இப்போது வம்சாவளிப் படம் போடுவதில்லை. ஒரு ஊரை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்கிறேன். முதலில் இங்கே இருந்தவர்கள் யாரைக் கும்பிட்டார்கள்? ஜெயித்து வந்தவர்கள் யாரைக் கொண்டுவந்தார்கள்? வியாபாரிகளோடும் அடிமைகளோடும் எது ஒட்டிக்கொண்டு வந்தது? மூன்றும் ஒரே தெருவில் இருந்தால் யார் கோயில் பெரிது, யாருக்குப் பின்சந்து, யார் சிலையின் தலை மாற்றப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் தானாக விழும். உறவுமுறை வேண்டுமென்றால் ஜெயித்தவர்கள் பின்னால் எழுதிக்கொள்வார்கள்: 'உங்கள் பழைய அம்மன் எங்கள் கடவுளுடைய மனைவிதான்.' தோற்றவர்கள் வீட்டுக்குள் வேறு மாதிரி சொல்வார்கள்.

ஆட்டத்துக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது: கடவுள் நிஜமாகவே பதில் சொன்னால் என்ன செய்வது? காயம் கண்முன்னே ஆறுகிறது. மேலே கேட்டால் குரல் வருகிறது. அப்புறம் எங்கே நம்பிக்கை, எங்கே சந்தேகம், எங்கே பிரிவுச் சண்டை? 2004இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக வந்த எபெரான் உலகம் இதற்கு ஒரு அழகான வழி வைத்திருக்கிறது. அங்கே கடவுள்கள் நேரில் வருவதில்லை. கிளெரிக் தன் கடவுளின் அலைன்மென்ட்டுக்கு (நல்லது, கெட்டது என்று ஆட்டம் வகுக்கும் குணப் பிரிவுக்கு) எதிராக நடந்தாலும் மந்திரம் வேலை செய்கிறது. ஆகவே மந்திரம் வேலை செய்வது எதற்கும் அத்தாட்சி இல்லை. ஊழல் பேர்வழி தலைமைக் குருவாக இருக்கலாம். எதிரெதிர்ப் பிரிவுகள் இரண்டுக்கும் சக்தி கிடைக்கலாம். உங்கள் ஆட்டத்தில் மர்மமும் சூழ்ச்சியும் அதிகம் என்றால் இதை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேர் எதிர்த் திசையில் போனது கிரெக் ஸ்டாஃபோர்டின் குளோராந்தா. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் ஆட்டம் அந்த உலகத்தில் நடக்கிறது. அங்கே கடவுள்கள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் கேரக்டர் சேருவது ஒரு கல்ட்டில், அதாவது ஒரு வழிபாட்டுக் கூட்டத்தில். சேர என்ன தகுதி, என்ன கொடுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது, யார் நண்பர், யார் பகை என்றெல்லாம் விதி இருக்கும். மறுவருடம் வந்த அதன் கல்ட் தொகுப்பு நூலில், ஒரு ஊர்சுற்றும் வியாபாரியின் பயணக்குறிப்புகள் வழியாக ஒவ்வொரு வழிபாட்டையும் காட்டுகிறார்கள். கடவுளைப் பற்றி எழுத வியாபாரியை அனுப்பினார்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டிக்காரத்தனம். பேரம் பேசப் போகிறவன் கண்ணில்தான் ஒரு மதம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பது படும்.

என் வழி நடுவில். கடவுள் பதில் சொல்லட்டும், ஆனால் வளைத்துச் சொல்லட்டும். நீ படையெடுத்தால் ஒரு பேரரசு அழியும் என்று கிரேக்கரின் டெல்ஃபி கோயில் குறி சொன்னதும் லிடியாவின் அரசன் குரோசஸ் படையெடுத்தான். அழிந்தது அவன் பேரரசுதான். அந்த மாதிரி பதில் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டால் போதும். எந்தப் பக்கம் நடந்தாலும் கடவுள் சொன்னது சரியாகவே இருக்கும், விளையாடுகிறவர்கள் உங்களைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம், கடவுளுக்கு ஹிட் பாயிண்ட் போடாதீர்கள். அது மட்டும் கண்டிப்பு.

எத்தனை கடவுள் வேண்டும்? தொடங்க மூன்று. ஊர்த் தெய்வம் ஒன்று, ஆள்கிறவர்களின் தெய்வம் ஒன்று, யாரும் வெளியே சொல்லாத தெய்வம் ஒன்று. மற்றதெல்லாம் தேவைப்படும்போது பெயர் மட்டும் உதிர்த்தால் போதும். கிளெரிக்காக விளையாடுகிறவரிடம் பாதி வேலையை விட்டுவிடுங்கள். "உங்கள் கேரக்டர் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்? சின்ன வயதில் இந்தத் தெய்வத்திடம் கேட்டுக் கிடைக்காமல் போனது என்ன? உங்கள் மதத்தில் எந்த விதியை அவர் ரகசியமாக மீறுகிறார்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை அப்படியே சட்டமாக்கிவிடுங்கள். தானே செய்த சடங்கை யாரும் மறப்பதில்லை.

கணவாய் ஊருக்கு வருகிறேன். அங்கே ஒரு வணிகன் பூசாரிக்குப் பணம் கொடுத்து, காணாமல் போன தன் அண்ணனின் முடிச்சை ஐந்தாம் வருடமே அவிழ்க்க வைத்துவிட்டான். சொத்து கைமாறியது, அண்ணி வேறு கல்யாணம் செய்துகொண்டாள். ஒன்பதாம் வருடம் அண்ணன் திரும்பி வந்து நிற்கிறான், அவிழ்க்க அவனுக்கு முடிச்சு இல்லை. அவன் உயிரோடிருப்பவனா, செத்தவனா? ஊர் இரண்டுபட்டது. வழிப்போக்கர்களான கட்சியிடம் தீர்ப்புக் கேட்டார்கள். முன்பு வெளிச்சக் கடவுளின் பெயரை மறந்த அதே ஆள்தான் இப்போதும் கிளெரிக். நான்கு டைஸ் எறிந்து முடிந்துவிடும் என்று நான் நினைத்த காட்சி இரண்டரை மணி நேரம் ஓடியது. கடைசியில் அவர், "இவர் திரும்பி வரவில்லை, இன்றைக்குத்தான் புறப்படுகிறார்" என்று சொல்லி, அந்த மனிதனையே புதிதாக ஒரு முடிச்சுப் போட வைத்து, வேறு பெயரில் வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

எல்லையைத் தாண்டப் போகும்போது திடீரென்று, "நில்லுங்கள், நான் இன்னும் முடிச்சுப் போடவில்லை" என்றார். நான் எதுவும் ஞாபகப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு கேம்பெய்ன், அதாவது எங்கள் தொடர் ஆட்டத்தின் கதை, கடல் தாண்டிப் போய்விட்டது, கட்சி அந்த ஊர்ப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது அவர் கேட்டுவிடுகிறார்: "என் முடிச்சு அங்கேதானே இருக்கிறது? யாரும் தொட்டுவிடவில்லையே?"